செட் 1, செட் 2, செட் 3: போடி ஏலக்காயில் இருந்து ஒரு கேமரா வரலாறு

போன செமஸ்டர் லீவில் நடந்த ஒரு கூத்தில் இருந்துதான் இந்தக் கட்டுரை ஆரம்பிக்கிறது. புராஜெக்ட்டுக்காக ஒரு பழைய தொழிற்சாலைக் கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு போடிநாயக்கனூரில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். கேமராவுக்குக் கீழே ஏலக்காயைப் பரப்பினால் பச்சைக் காய் எது, வெளுத்த காய் எது என்று கம்ப்யூட்டர் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் புராஜெக்ட். இரண்டு நாள் மண்டையை உடைத்து எக்ஸ்போஷர், கெயின், ஒயிட் பேலன்ஸ் எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி திருத்தி, ஒருவழியாகச் சரியாகப் பிரிக்க ஆரம்பித்தது. மறக்காமல் அந்த அமைப்பைக் கேமராவுக்குள்ளேயே 'செட் 1' என்று சேமித்தும் வைத்தேன். அத்தையைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன். கரண்ட் போய்விட்டது.

ஐந்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. அத்தையும் வந்தார். நான் பெருமையாக ஓட விட்டேன். நல்ல கரும்பச்சைக் காய் உட்பட அரைக் கிலோவையும் 'வெளுத்த காய்' என்று சொல்லிவிட்டது என் புரோகிராம். அத்தை குனிந்து ஒருமுறை திரையைப் பார்த்தார், ஒருமுறை காயைப் பார்த்தார்.

"ஏய்யா, ஒன் மிசினு கண்ணாடியக் கழட்டி வச்சுட்டுப் பாக்குதா?"

பிறகு சொளகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர், நான் கேமராவின் மேனுவலில் பிரச்சினையைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அந்த அரைக் கிலோவையும் பிரித்து மூன்று குவியலாக வைத்துவிட்டார். பிரச்சினை இதுதான்: செட் 1-ல் சேமித்திருந்தேன், சரி. ஆனால் "மின்சாரம் வந்ததும் எந்த செட்டோடு எழ வேண்டும்" என்று கேமராவுக்குச் சொல்லவில்லை. அது கம்பெனியில் வைத்து அனுப்பிய அமைப்போடு எழுந்துவிட்டது. அந்த அமைப்பில் எக்ஸ்போஷர் நேரம் அதிகம். என் விளக்குக்குக் கீழே எல்லாமே வெளுத்துத் தெரிந்தது.

அன்றைக்கு ராத்திரி ஒரு கேள்வி வந்தது. கேமராவுக்கு எதற்கு இந்த செட் 1, செட் 2, செட் 3 எல்லாம்? இதை யார், எப்போது, எதற்காகக் கண்டுபிடித்தார்கள்? தோண்டிப் பார்த்ததில், இந்த வரலாறு கேமராவுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது என்று தெரிந்தது. எங்கள் அத்தையும் அதில் ஒரு முக்கியமான பாத்திரம்.

முதல் செட்: சொளகு வைத்திருக்கும் கை

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஏலக்காய் விளைவது மேலே, கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் ஏலமலையில். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை என்று போகும் அந்த ஊர்கள். வியாபாரத்தின் பெரும்பகுதி கீழே, தமிழ்நாட்டுப் பக்கம், போடியில். மலைக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் நடுவே போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வாசல்கள். 1928-ல் மதுரையில் இருந்து போடிக்கு ரயில் வந்ததற்கும் மலைச் சரக்கு ஒரு முக்கியமான காரணம். (அந்த மீட்டர் கேஜ் பாதை 2010 கடைசியில் மூடப்பட்டு, அகலப் பாதையாகி, 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு ரயில் வந்தது. இந்த இடைவெளியில் வளர்ந்தவன் நான், அதனால் இந்தப் புலம்பல்.)

1965-ல் ஏலக்காய்ச் சட்டம் வந்து ஏலக்காய் வாரியம் அமைந்தது. 1987-ல் அது நறுமணப் பொருள் வாரியத்தில் கலந்தது. இன்றைக்கு வாரியத்தின் மின்னணு ஏலம் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்ட் 3-ம் தேதி புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனது. அப்போது போடியில் டீக்கடைப் பேச்சு முழுக்க அதுதான்.

இந்த விலைக்குக் காரணம் நிறமும் பருமனும். செடியில் இருந்து எடுத்த காயில் ஏறக்குறைய 80 சதவீதம் ஈரம் இருக்கும். ஸ்டோரில் (ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்துக்கு எங்கள் பக்கம் ஸ்டோர் என்றுதான் பெயர்) சூடு காட்டி அதை 10 சதவீதத்துக்குப் பக்கம் கொண்டுவர வேண்டும். சூடு கூடினால் நிறம் போய்விடும். பச்சை நிற்பதற்காக முதலில் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைப்பதும் உண்டு. அத்தனை செய்தும் ஒரே மூட்டையில் கரும்பச்சை, வெளிர்பச்சை, மஞ்சள் பாய்ந்தது, வாய் வெடித்தது எல்லாம் கலந்துதான் வரும்.

பருமனைச் சல்லடை பார்த்துக்கொள்ளும். 1937-ம் வருட அக்மார்க் சட்டத்தின் கீழ் வந்த தரங்களில் 'ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு' என்றால் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும். ஒரு லிட்டர் அளந்தால் 435 கிராமுக்குக் குறையக் கூடாது. அடுத்த தரத்துக்கு 6 மில்லிமீட்டர், அதற்கடுத்து 5. சல்லடையை மாற்றினால் தரம் மாறிவிடும். யோசித்துப் பார்த்தால் இதுவே ஒரு செட் மாற்றம்தான்!

ஆனால் நிறத்துக்குச் சல்லடை கிடையாது. அதற்குத்தான் பெண்கள். வியாபாரி ஏலத்தில் கலப்படியாக வாங்கி வந்த காயைக் கிட்டங்கியில் கொட்டுவார். வரிசையாக உட்கார்ந்து பொறுக்கிப் பிரிப்பார்கள். எங்கள் அத்தை பல வருடம் இந்த வேலைக்குப் போனவர். அவரிடம் கேட்டேன், "அத்தை, எப்படித்தான் பச்சைன்னு முடிவு பண்ணுவீங்க?"

"எந்தச் சரக்குக்குன்னு மொதல்ல கேக்கணும்யா. வெளிநாட்டுக்குப் போறதுன்னா ஒரு பச்ச. உள்ளூருக்குன்னா ஒரு பச்ச. பொடி அரைக்கிறவனுக்குன்னா பச்சையே வேணாம், வாசம் இருந்தாப் போதும்."

இந்தப் பதிலில் நான் ஆடிப்போய்விட்டேன். அரபு நாடுகளில் காபியில் ஏலக்காய் போட்டுக் குடிப்பார்கள். அந்தச் சந்தைக்குப் பருமனும் பச்சையும் முக்கியம். 1980-களில் குவாத்தமாலா ஏற்றுமதியில் நம்மை முந்திய பிறகு தரம் பார்ப்பது இன்னும் கறாரானது. ஒரே ஆள், ஒரே கண், ஒரே சொளகு. ஆனால் காலையில் ஒரு அளவுகோல், மத்தியானம் வேறு அளவுகோல். கிட்டங்கிக்காரர் வந்து "இது எக்ஸ்போர்ட்டு" என்று ஒரு வார்த்தை சொன்னால் பத்துப் பதினைந்து பேரின் தலைக்குள்ளும் செட் மாறிவிடும். கேமரா விற்பவர்கள் இதையே ஒரு வசதி என்று விளம்பரம் செய்கிறார்கள் :-)

இரண்டாவது செட்: அட்டை

மனிதத் தலைக்குள் இருந்த அளவுகோலை எடுத்து வெளியில் ஒரு பொருளில் ஏற்றி வைப்பது எப்போது தொடங்கியது? எல்லோரும் சொல்லும் உதாரணம் 1804-ல் பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு செய்த தறி. துளை போட்ட அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்துத் தறிக்கு மேலே மாட்டினால், துளை இருக்கும் இடத்தில் நூல் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. வேறு டிசைன் வேண்டுமா? தறியை மாற்ற வேண்டியதில்லை, அட்டைச் சங்கிலியை மாற்றினால் போதும். நெசவு நடக்கும் ஆண்டிபட்டி சக்கம்பட்டிப் பக்கத்து நண்பர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

கண் பார்க்கும் இயந்திரத்துக்கு இது வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. ஒளி பட்டால் மின்சாரம் மாறும் ஒளிமின்கலம் கைக்கு வந்ததும், 1930-களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பீன்ஸ் விதையை நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. 1947-ல் லண்டனில் சார்டெக்ஸ் கம்பெனி தொடங்கியது. மளிகைக் கடையில் "சார்டெக்ஸ் பருப்பு", "சார்டெக்ஸ் அரிசி" என்று கேட்கிறோமே, அது இந்தக் கம்பெனியின் பெயர்தான். ஜெராக்ஸ் மாதிரி, எந்தக் கம்பெனி மெஷினில் பிரித்தாலும் நமக்கு அது சார்டெக்ஸ்தான்.

அந்தக் காலத்து இயந்திரம் வேலை செய்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. விதை ஒவ்வொன்றாக ஒளிமின்கலத்துக்கு முன்னால் விழும். எதிர்ப்பக்கத்தில் ஒரு அட்டையோ தகடோ இருக்கும். நல்ல விதையின் நிறம் எவ்வளவு பிரகாசமோ, அதே பிரகாசத்தில் வண்ணம் பூசிய தகடு. நல்ல விதை விழும்போது, விதையும் பின்னணியும் ஒன்றுபோல இருப்பதால் கலத்துக்கு எதுவுமே தெரியாது. கெட்ட விதை விழுந்தால் கருப்பாகவோ வெளுப்பாகவோ ஒரு துள்ளல் தெரியும். உடனே அழுத்தக் காற்று 'புஸ்' என்று ஊதி அதை ஓரமாகத் தள்ளிவிடும். அதாவது, நல்லது என்பது கண்ணில் படாதது!

சரக்கு மாறினால் தகட்டை மாற்ற வேண்டும். பீன்ஸுக்கு ஒரு தகடு, கடலைக்கு ஒரு தகடு, காப்பிக் கொட்டைக்கு ஒரு தகடு. இயந்திரக் கண்ணின் முதல் செட் மாற்றம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். கையால் கழற்றி மாட்டும் செட். அந்தத் தகட்டுக்கு எந்த வண்ணம் பூசுவது என்று முடிவு செய்ய, நல்ல விதை எது என்று தெரிந்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

பிரகாசம் மட்டும் பார்த்தால் ஒரு சிக்கல் உண்டு. நிறம் வேறாக இருந்தும் பிரகாசம் ஒன்றாக இருந்தால் இயந்திரம் ஏமாந்துபோகும். அதனால் சிவப்பு ஒளியில் ஒருமுறை, பச்சை ஒளியில் ஒருமுறை பார்த்து இரண்டையும் ஒப்பிடும் இயந்திரங்கள் வந்தன. காப்பிக் கொட்டைக்கு இது ரொம்ப உதவியது. ஆனால் சரிசெய்ய வேண்டிய திருகுகள் இரண்டு மடங்காகின.

மூன்றாவது செட்: திருகும் நோட்டும்

திருகு என்றால் நிஜமாகவே திருகு. ரேடியோவில் சத்தம் கூட்டுவது போல. சரக்கு மாறும்போதெல்லாம் ஆபரேட்டர் ஒவ்வொரு திருகையும் திருப்பி, விழுவதைப் பார்த்து, மறுபடி திருப்பி, சரியான இடத்தைப் பிடிப்பார். பிடித்த இடத்தை ஒரு நோட்டில் எழுதி வைப்பார்: இந்தச் சரக்கு, இந்தத் திருகு இத்தனையில், அந்தத் திருகு அத்தனையில். ஆக, இயந்திரத்தின் ஞாபகம் அழுக்குப் படிந்த ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தது. ஆபரேட்டர் லீவு போட்டால் நோட்டும் லீவு.

தொழிற்சாலைக் கேமராக்களும் ஆரம்பத்தில் இப்படித்தான். 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற ஒளிச் சில்லைக் கண்டுபிடித்தார்கள். (இதற்கான நோபல் பரிசு நாற்பது வருடம் கழித்து 2009-ல் வந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார்!) அதை வைத்து வந்த தொழிற்சாலை வீடியோ கேமராக்களில் பலவற்றின் முதுகில் சின்னஞ்சிறு சுவிட்ச் வரிசை இருக்கும். பேனா முனையால் தள்ளித்தான் ஷட்டர் வேகத்தையும் கெயினையும் மாற்ற வேண்டும். ஓடுகிற லைனுக்கு மேலே, உத்தரத்தில் மாட்டிய கேமராவில் இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள்.

நுண்செயலிகள் மலிவானதும் நோட்டு இயந்திரத்துக்குள் போனது. தரம் பிரிக்கும் இயந்திரத்தின் திரையில் பெயரைத் தொட்டால் போதும், அந்தச் சரக்கின் எல்லா எண்களும் வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு இது பெரிய வரம். கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாறு தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல். பச்சரிசி வெள்ளையாக இருக்கும், புழுங்கல் மஞ்சளோடும். பச்சரிசி செட்டில் புழுங்கலை ஓட்டினால் மொத்த அரிசியையும் கெட்டது என்று ஊதித் தள்ளிவிடும்.

நான்காவது செட்: கேமராவுக்குள்ளேயே

அடுத்த படி, இயந்திரத்தின் கம்ப்யூட்டரில் இருந்த ஞாபகம் கேமராவுக்குள்ளேயே இறங்கியது. 1990-களில் ஃபயர்வயர் கேபிள் வந்தபோது, அந்தக் கேபிளில் பேசும் கேமராக்களுக்கு ஒரு பொது மொழி வகுத்தார்கள். ஐஐடிசி என்று பெயர். அதில் 'மெமரி சேனல்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. சேனல் 0 என்பது கம்பெனி வைத்த அமைப்பு. அதை யாரும் அழிக்க முடியாது. 1-ல் இருந்து அதிகபட்சம் 15 வரை நம் இஷ்டம். ஏன் 15? எண்ணைக் குறிக்க நான்கு பிட் ஒதுக்கியிருந்தார்கள், நான்கு பிட்டில் 0 முதல் 15 வரைதான் எழுத முடியும். இத்தனைக்கும் எல்லாக் கேமராவிலும் 15 இருக்காது. இரண்டு மூன்று கொடுத்தாலே பெரிய விஷயம்.

2000-ல் கேமரா லிங்க் என்ற வேகமான இணைப்பு வந்தது. படம் வருவது எல்லாவற்றிலும் ஒரே மாதிரி, ஆனால் அமைப்பை மாற்றும் கட்டளை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரு கம்பெனிக் கேமராவைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் புரோகிராமைப் பாதி மாற்றி எழுத வேண்டும். கிட்டங்கிக்குக் கிட்டங்கி வேறு வேறு பாஷையில் "எக்ஸ்போர்ட்டு" என்று சொல்வது மாதிரி.

இதைத் தீர்க்க, 2003-ல் பார்சிலோனாவில் தொடங்கிய ஐரோப்பிய இயந்திரப் பார்வைச் சங்கம் முன்னின்று ஜெனிகேம் என்ற தரநிலையை 2006-ல் வெளியிட்டது. கேமராவே தன்னிடம் என்னென்ன அமைப்பு உண்டு என்ற பட்டியலைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிடும். அதே வருடம் ஈதர்நெட் கேபிளில் ஓடும் கிகிஈ விஷனும் வந்தது. பெயர்களையும் பொதுவாக்கினார்கள். செட்டைத் தேர்ந்தெடுக்க 'யூசர்செட்செலக்டர்', எடுத்துவர 'யூசர்செட்லோட்', எழுதிவைக்க 'யூசர்செட்சேவ்'. எந்த நாட்டுக் கேமராவாக இருந்தாலும் இந்தப் பெயர்கள்தான். என் அரதப்பழசான புராஜெக்ட் கேமராவிலும் இவைதான் இருந்தன.

உள்ளே நடப்பது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புராஜெக்ட் செய்யும் யாருக்காவது உதவும்.

கேமரா எப்போதும் ஒரே ஒரு அமைப்பில்தான் ஓடும். அது தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் போச்சு. செட் 1, 2, 3 எல்லாம் கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில் தூங்குகின்றன. 'லோட்' என்றால் தூங்குவதன் நகல் ஓடும் இடத்துக்கு வரும். 'சேவ்' என்றால் ஓடுவதன் நகல் தூங்கும் இடத்துக்குப் போகும், பழையது அழியும். இரண்டையும் மாற்றி அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை (அழுத்தியிருக்கிறேன்).

லோட் செய்த பிறகு ஒரு எண்ணை மாற்றினால் அது செட்டுக்குள் போகாது. மறுபடி சேவ் செய்தால்தான் உண்டு. பெரும்பாலான கேமராக்களில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது செட் மாற்ற முடியாது. நிறுத்தி, மாற்றி, மறுபடி ஓட விட வேண்டும். அதனால் சரக்கு மாறும்போது மாற்ற இது சரி. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே மாற்ற வேண்டுமென்றால் அதற்கு 'சீக்வென்சர்' என்ற வேறு வசதி உண்டு. கடைசியாக, என்னைக் கவிழ்த்த விஷயம்: எழும்போது எந்த செட் என்பதைத் தனியாகச் சொல்லித் தர வேண்டும்.

இன்னொன்றும் என்னைக் கவிழ்த்தது. ஒயிட் பேலன்ஸை முதலில் தானியங்கியாக விட்டிருந்தேன். அந்த வசதி பொதுவாக, "ஒரு காட்சியில் எல்லா நிறத்தையும் கூட்டிச் சராசரி பார்த்தால் சாம்பல் வரும்" என்று நம்பி வேலை செய்யும். கேமராவுக்குக் கீழே முழுக்க ஏலக்காய். எங்கு பார்த்தாலும் பச்சை. அது என்ன செய்தது தெரியுமா? "ஆகா, பச்சை கூடிப்போச்சு" என்று பச்சையைக் குறைத்துச் சாம்பலாக்கிவிட்டது! நல்ல காய் கூடக் கூட, அது வெளுத்ததாகத் தெரிந்தது. தானியங்கியை அணைத்து, ஒரு வெள்ளைத் தாளை வைத்து ஒருமுறை அளந்து, அந்த எண்ணை செட்டில் பூட்டியதும்தான் சரியானது. அத்தையிடம் சொன்னபோது, "அதுக்குத்தான் நாங்க சன்னல் பக்கம் எடம் புடிக்கச் சண்ட போடுவோம். டியூப்லைட்டுல பாத்தா பச்ச ஏமாத்தும்" என்றார். வெளிச்சத்தைப் பூட்டுவது என்பதும் அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

செட்டுக்குத் தெரியாதது

இப்போது போடியில் நிறம் பிரிக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஏலக்காய் சரிவில் வழுக்கி விழ, வரி வரியாகப் பார்க்கும் கேமரா சில மில்லி வினாடியில் முடிவெடுக்க, காற்று ஊதித் தள்ளுகிறது. பத்துப் பேர் உட்கார்ந்த இடத்தில் இரண்டு பேர், இயந்திரம் விட்டதைப் பொறுக்க. அத்தை வேலைக்குப் போவதை நிறுத்தியதற்கு முழங்கால் வலி ஒரு காரணம், இது இன்னொரு காரணம். இயந்திரமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து கண்ணைக் கொடுக்கும் வேலை அது. அடுத்த தலைமுறையில் யாரும் அதற்குப் போக ஆசைப்படவில்லை, எங்கள் வீட்டிலேயே பார்க்கிறேன்.

என் கவலை வேறு. செட் 3-ல் இருக்கும் பச்சை யாருடைய பச்சை? அதை சேவ் செய்தவர் எந்தக் காயை முன்னால் வைத்துக்கொண்டு செய்தார்? மழைக்காலத்துக் காயா, கடைசி எடுப்புக் காயா? இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் பரவிய பிறகு காயின் பருமனே மாறிப்போனது. ரகம் மாறும், சீசன் மாறும், விளக்குப் பழசாகும், கண்ணாடியில் தூசி படியும். செட் மட்டும் சேவ் செய்த நாளிலேயே நிற்கும். அத்தையின் தலைக்குள் இருந்த செட் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் திருத்திக்கொண்டது. அதைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

இன்னொரு சோதனையும் செய்தேன். ஒரு பழைய வெளுத்த காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றிக் கேமராவுக்குக் கீழே வைத்தேன். முதல் தரம் என்றது. ஏலக்காயில் செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்பது விதி. ஆனால் செட்டில் நிறத்துக்குத்தான் எண் இருக்கிறது, நேர்மைக்கு இல்லை. அத்தை விரலை நாக்கில் தொட்டு ஒரு தேய் தேய்த்தார். விரல் பச்சையானது. "சாயம்" என்று தூக்கிப் போட்டார்.

தவறான செட்டால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள். கறாரான செட்டில் ஓடினால் நல்ல காய் இரண்டாம் தரத்துக்குப் போகும். "இந்தத் தோட்டத்துச் சரக்குல கழிவு ஜாஸ்தி" என்று பெயர் வந்துவிட்டால், அடுத்த ஏலத்தில் அந்த விவசாயியின் விலை இறங்கும். இயந்திரம் சொன்னது என்பதால் எதிர்த்துக் கேட்கவும் முடியாது. பொறுக்கும் பெண்கள் தப்பு செய்தால் "என்னம்மா இப்படி" என்று கேட்கலாம். செட் 3-ஐ யாரிடம் போய்க் கேட்பது? இப்போது எண்களுக்குப் பதில் நூற்றுக்கணக்கான படங்களைக் காட்டிப் பழக்கும் இயந்திரங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அங்கேயும் அந்தப் படங்களில் எது நல்ல காய் என்று முதலில் யாரோ ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். மிச்சிகனில் தகட்டுக்கு வண்ணம் பூசியபோது இருந்த அதே ஆள். அவர் பெயர் மட்டும் எந்த மெமரியிலும் இல்லை.

அதனால் என் புராஜெக்ட்டில் ஒரு சின்ன மாற்றம் செய்தேன். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு குறிப்பு: எந்தத் தேதியில், எந்த எடுப்புக் காயை வைத்து, எந்த விளக்கில், யார் பார்த்துச் சொன்னது. கூடவே ஒரு சின்ன டப்பாவில் அந்த மாதிரிக் காய்கள் இருபது. காலையில் இயந்திரத்தைப் போட்டதும் முதலில் அந்த இருபதை ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியாகப் பிரித்தால் வேலையை ஆரம்பிக்கலாம், இல்லையென்றால் செட்டைத் திருத்த வேண்டும். டப்பாக் காயும் நாள்பட நிறம் மாறும் என்பதால் அதையும் அடிக்கடி மாற்ற வேண்டும். பழைய ஆபரேட்டரின் நோட்டு மாதிரிதான், பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை.

ஒரு வேடிக்கையோடு முடிக்கிறேன். கம்ப்யூட்டரில் விலை ஓடும் ஏல மையத்தில், ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரிக் காய் வியாபாரிகளின் மேசைக்கு வருகிறது. அவர்கள் அதைக் கொட்டி, விரலால் அளைந்து, பார்த்து, முகர்ந்து, பிறகுதான் பட்டனை அழுத்துகிறார்கள். இத்தனை செட்டுக்கும் அப்புறமும் விலை சொல்வது ஒரு ஜோடிக் கண்தான்.

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் செட் 1-ஐப் பற்றிய பக்கத்தில் "பார்த்துச் சொன்னது" என்ற இடத்தில் அத்தையின் பெயரை எழுதியிருக்கிறேன். "எம்பேரு எதுக்குய்யா காலேஜுப் பொஸ்தகத்துல" என்று வெட்கப்பட்டார். ஆனால் அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார்.